வரவேற்பறையில் தமிழ்

தமிழ் வகுப்பில் 'எங்கள் வீடு' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதுமாறு பணிக்கப்படும் மாணவன் என்ன எழுதுகிறான்? வாயிலில் மாவிலைத் தோரணம் ஆடுகிறது. முற்றத்தில் கோலம் பொலிகிறது. கூடத்துச் சுவரில் திருவள்ளுவர் படம் அணி செய்கிறது. அதன் கீழே குறட்பா ஒன்று அழகுற எழுதப்பெற்றுள்ளது. மாதிரிக் கட்டுரைகள் அவனுக்கு இப்படித்தான் கற்பித்திருக்கின்றன. அவன் பன்னிரண்டாம் மாடியில் வாழ்கிறான் என்பதோ, அவ்வீட்டில் முற்றம் என்பதே இல்லை என்பதோ, கூடத்துச் சுவரில் ஆங்கிலத்தில் 'ஹோம்' என்று மரத்தில் வெட்டிய நான்கு எழுத்துகள் மட்டுமே மாட்டப்பட்டுள்ளன என்பதோ அக்கட்டுரையில் இடம்பெறுவதில்லை. ஆசிரியர் ஒற்றுப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்துகிறார். 'நன்று' என்று எழுதித் திருப்பித் தருகிறார். அம்மாணவன் வீட்டுக்கு அவர் சென்றதில்லை. சென்றிருந்தாலும் வியந்திருக்க மாட்டார். அவர் வீட்டுச் சுவரும் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கிறது.

ஒரு வீடு எழும்போது கூரையும் தரையும் தேவையால் அமைகின்றன. நாற்காலியும் கட்டிலும் கைப்பொருளின் அளவால் அமைகின்றன. எல்லாம் முடிந்தபின், 'இந்தச் சுவர் வெறுமையாக இருக்கிறதே, இந்த மூலையில் எதையாவது வைக்கவேண்டுமே' என்று வீட்டார் இடுப்பில் கைவைத்து நின்று நோக்கும் வேளை ஒன்று வருகிறது. அந்த வேளையில் எவரும் அவர்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. சுவரில் தொங்கப்போவது மழையைத் தடுக்காது, பசியைப் போக்காது. எத்தேவையும் இன்றி விருப்பம் ஒன்றாலேயே அது தெரிந்தெடுக்கப்படுகிறது. ஆதலின், ஒரு குடும்பத்தின் உள்ளத்தை அறிய விரும்புவோர் அதன் கூரையைப் பார்க்க வேண்டுவதில்லை. இந்த இறுதி ஒப்பனையைப் பார்த்தால் போதும்.

சிங்கப்பூரில் 1960ஆம் ஆண்டு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியபின் கம்பத்து அத்தாப்புக் குடிசைகளிலிருந்தும் நெருக்கடியான கடைவீட்டு அறைகளிலிருந்தும் தமிழர் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். மலேசியாவில் தோட்டப்புற லயங்களிலிருந்து நகர்ப்புறத் தொடர்வீடுகளுக்கு வந்தனர். இவை பெருமைக்குரிய மாற்றங்களே. ஒழுகும் கூரையின் கீழ் வாழ்ந்த வாழ்வைப் பொற்காலம் என்று பாடுவது, அங்கே வாழ்ந்தறியாதவர் செய்யும் வேலை. எனினும் அந்த லயத்துக் கூடத்தில் ஒன்று இருந்தது. பலகைச் சுவரின் இடுக்குகளை மறைக்கத் தமிழ்ச் செய்தித்தாளை ஒட்டிய வீடுகள் உண்டு. மளிகைக் கடையார் தந்த நாள்காட்டி நடுச்சுவரில் தொங்கியது. அழகு கருதி அவை வைக்கப்படவில்லை. ஆயினும் சோற்றுத் தட்டோடு சுவரோரம் அமர்ந்த குழந்தையின் கண்முன் தமிழ் எழுத்து இருந்தது. புதுவீட்டின் வெள்ளைச் சுவரில் இடுக்கு இல்லை. தமிழும் இல்லை.

என்ன இருக்கிறது? கண்ணாடி அலமாரி இருக்கிறது. அதனுள் எவரும் உண்டறியாத பீங்கான் தட்டுகள் இருக்கின்றன. அதன்மேல் பிளாஸ்டிக் மலர்க்கொத்து இருக்கிறது. 1950களில் ஹாங்காங்கின் தொழிற்கூடங்கள் உலகெங்கும் பரப்பத் தொடங்கிய அந்த வாடாமலர், மல்லிகையும் செவ்வந்தியும் நாள்தோறும் சரஞ்சரமாக விற்கும் சிராங்கூன் சாலைக்கு அருகிலுள்ள வீடுகளிலும் தூசு படிந்து நிற்கிறது. ஈபிள் கோபுரத்தின் படம் இருக்கிறது. அவ்வீட்டார் எவரும் பாரிசுக்குப் போனதில்லை. அண்மைக் காலத்தில் 'லவ்' என்றும் 'பேமிலி' என்றும் ஆங்கிலத்தில் சுவரிலேயே ஒட்டும் எழுத்துகள் பெருகிவிட்டன. அன்பையும் குடும்பத்தையும் அந்நிய எழுத்தில் எழுதி வைத்து நினைவூட்டிக்கொள்ளும் நிலை எவ்வாறு நேர்ந்ததென்று எவரும் கேட்பதில்லை. மளிகைக் கடை நாள்காட்டி மட்டும் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. இராகு காலம் பார்க்க வேண்டுமன்றோ? அடுக்களைக் கதவின் பின்புறத்தில் அதற்கு ஓர் ஆணி ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இவ்வாறு கூறியவுடன், 'பல இனத்தார் வந்துபோகும் வீடு; தமிழை மாட்டினால் அவர்களுக்கு எப்படிப் புரியும்?' என்று கேட்போர் உளர். அவர்கள் அண்டை வீட்டை எட்டிப் பார்க்கட்டும். மலாய்க்காரர் பலரின் வரவேற்பறையில் திருக்குர்ஆன் வசனம் அரபு எழுத்தில், பொன்வண்ணத்தில், நடுச்சுவரில் வீற்றிருக்கிறது. சீனப் புத்தாண்டு வந்தால் சிவப்புத் தாளில் எழுதிய வாழ்த்து வரிகள் சீனர் வாயிலின் இருபுறமும் ஏறுகின்றன. நற்பேறு என்று பொருள்படும் 'ஃபூ' என்னும் எழுத்தைத் தலைகீழாகவே தொங்கவிடுகின்றனர். 'தலைகீழானது' என்பதும் 'வந்துவிட்டது' என்பதும் அம்மொழியில் ஒத்து ஒலிப்பதால் எழுந்த வழக்கம் அது. தம் எழுத்தைத் தலைகீழாக மாட்டியும் மகிழ்ச்சி காணும் அண்டை வீட்டார் ஒருபுறம். நேராகவேனும் மாட்ட நாணும் தமிழர் மறுபுறம். திறந்த இல்ல உபசரிப்புக்கு வரும் தமிழர் அந்த அரபு எழுத்தைக் கண்டு முகம் சுளிப்பதில்லை, 'என்ன பொருள்?' என்று கேட்கின்றனர். வீட்டுக்காரர் மகிழ்வோடு விளக்குகிறார். அத்தகைய கேள்வி தமிழர் வீட்டில் எழுவதற்கு வழியே இல்லை. கேட்பதற்குரிய பொருள் சுவரில் இருந்தாலன்றோ கேட்பார்கள்?

தமிழ் எழுத்து ஒப்பனைக்கு உகந்ததன்று என்பது மற்றொரு கூற்று. இதை வாய்விட்டுச் சொல்வோர் சிலர். உள்ளத்தில் கொண்டோர் பலர். பனையோலையில் எழுத்தாணி கீறிக் கீறி வளைந்த வடிவங்கள் இவை. கோடும் சுழியும் கொம்பும் கலந்த இவ்வரிவடிவத்தைக் கல்லில் செதுக்கியவர் அழகறியாதவர் அல்லர். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள் ஓடுகின்றன. கோயிலுக்குக் கொடுத்த பொருள்களின் எடையும், தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவரின் பெயரும், அவர்கள் வாழ்ந்த வீட்டு வரிசையும் அங்கே உள்ளன. அது வெறும் கணக்கு. ஆயினும் அந்தக் கணக்கே ஆயிரம் ஆண்டுகளாக அக்கல்லுக்கு அணியாக நிற்கிறது. அவ்வளவு தொலைவு செல்வானேன்? சிங்கப்பூர் நாணயத்தை எடுத்துப் பார்க்கலாம். நாட்டின் பெயர் தமிழிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அரசு தன் நாணயத்தில் இடம் தந்த எழுத்துக்கு, அந்நாணயத்தைச் சேர்த்து வீடு வாங்கிய தமிழர் தம் சுவரில் ஒரு சாண் இடம் தரவில்லை.

கோலத்தின் நிலையும் இதுவே. அரிசிமாவால் அன்றன்று இட்டு, எறும்பு தின்ன, காலடி கலைக்க, மறுநாள் மீண்டும் இடுவது கோலம். அடுக்குமாடி வீட்டு நடைபாதையில் நாள்தோறும் அது இயலாமற்போகலாம். அதைக் குற்றமாகக் கூறுவதற்கில்லை. ஆனால் தீபாவளி ஒரு நாளிலேனும் மாவைத் தொட முடியாதா? வாசற்படியில் பளபளக்கும் கோலத் தாளை ஒட்டிவிட்டு அடுத்த தீபாவளி வரை மிதித்துக்கொண்டிருப்பது எவ்வகை அலங்காரம்? புள்ளி வைத்து இழை பிரிக்கப் பாட்டி பேத்திக்குக் கற்பித்த கை வேலை அந்த ஒட்டுத் தாளோடு முடிந்துபோகிறது.

அறையை அணிசெய்வதைத் தமிழ் இலக்கியம் இகழ்ந்ததில்லை. பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடையை எடுத்துக்கொள்வோர் இதை உணர்வர். 188 அடிகளில் நக்கீரர் பாண்டிமாதேவியின் அரண்மனையை, நூலோர் திசை பார்த்து நூலிட்டு அளந்தது முதலாகக் கூறிவருகிறார். சுவரில் பூங்கொடி ஓவியம். யானை மருப்பால் கடைந்த கட்டில். அதன்மேல் மெழுகு பூசிய துணியில் தீட்டிய விதானம். அவ்விதானத்தில் திங்களும் அதனைப் பிரியாத உரோகிணியும் எழுதப்பட்டுள்ளன. கணவன் பாசறையில் இருக்க, அணி களைந்த அரசி அந்த ஓவியத்தை அண்ணாந்து நோக்கி நெடுமூச்சு விடுகிறாள். தலைக்கு மேல் எழுதியிருந்த ஓவியம் அவள் வாழ்வோடு பேசிற்று. அதனால் அது அலங்காரம். சோபாவுக்கு மேலே தொங்கும் ஈபிள் கோபுரம் எவரோடு பேசுகிறது? இப்பாடலை வகுப்பில் நடத்தும் ஆசிரியர் அருஞ்சொற்பொருளோடு நின்றுவிடாமல், 'உன் வீட்டுச் சுவரில் உன்னோடு பேசுவது எது?' என்று ஒரே ஒரு முறை மாணவனைக் கேட்கலாம்.

இதற்கு மாற்றாகச் சிலர் செய்வது இதனினும் கொடிது. விழா ஒன்றில் வள்ளுவர் சிலை ஒன்றைப் பரிசாகப் பெறுகின்றனர். மதுக் குப்பிகளுக்கும் கையாட்டும் பூனைப் பொம்மைக்கும் நடுவே அதனை நிறுத்திவிட்டு, தமிழுக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டதாக நிறைவடைகின்றனர். சட்டமிட்ட குறட்பா ஒன்றை வாங்குகின்றனர். அதில் வல்லினம் மிகும் இடம் பிழைத்திருக்கிறது. பத்தாண்டாக அதன் எதிரே அமர்ந்தும் எவர் கண்ணிலும் அப்பிழை படவில்லை. படிக்கப்படாத குறளும் பிளாஸ்டிக் மலரும் ஒரு சாதியே. 1970களிலும் 1980களிலும் தவணையில் வாங்கிய ஆங்கிலக் கலைக்களஞ்சிய வரிசைகள் பல வீட்டுக் கூடங்களில் பொன்னெழுத்து முதுகைக் காட்டி நின்றன. அவற்றுள் பல கடைசிவரை திறக்கப்படாமலே பழைய தாள் வாங்குபவரிடம் போய்ச் சேர்ந்தன. அந்தக் கூத்தைத் தமிழ் நூல்களைக் கொண்டு மீண்டும் ஆடச் சொல்வார் எவரும் இலர். வேண்டப்படுவது விரல் பட்டு அழுக்கேறிய நூல். பாதி படித்துக் கவிழ்த்து வைத்த இதழ். குழந்தை தன் கையாலேயே எழுதி ஒட்டிய தமிழ் வரி. சோபாவின் நிறத்தோடு அது பொருந்தாது, பொருந்தவும் வேண்டியதில்லை.

சிங்கப்பூரில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உடைய குடியிருப்பாளருள், வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3இலிருந்து 48.3க்கு உயர்ந்தது. சுவரில் எழுத்தை மாட்டினால் இவ்விழுக்காடு திரும்பிவிடும் என்று கூறுவது சிறுபிள்ளைத்தனம். பேச்சு போன வழிக்குப் பல காரணங்கள் உண்டு. எனினும் பள்ளியில் வாரத்திற்குச் சில மணி நேரமே கேட்கும் மொழியை, வீட்டின் மிகச் சிறந்த அறையில் எங்கும் காணாத குழந்தை என்ன முடிவுக்கு வரும்? இது பள்ளிக்குரியது, பூசை அறைக்குரியது, அடுக்களைக் கதவின் பின்புறத்துக்குரியது. விருந்தினர் முன் வைக்கத் தக்கதன்று என்ற முடிவுக்கே வரும். எவரும் அதைச் சொல்லித் தரவில்லை. அறை சொல்லித் தந்துவிட்டது.

இடமில்லை, பணமில்லை என்னும் சாக்குக்கு நெடிய மறுப்புத் தேவையில்லை. கண்ணாடி அலமாரியின் ஒரு தட்டிலுள்ள பீங்கானை எடுத்துவிட்டால் முப்பது நூல்கள் நிற்கும். வள்ளுவர் படத்துக்குக்கூட அவசரமில்லை. ஆண்டிறுதியில் மளிகைக் கடையார் புதிய நாள்காட்டியைச் சுருட்டிக் கையில் தருவார். அதற்குக் காசும் கேட்க மாட்டார். அதை அடுக்களைக்குக் கொண்டுபோகுமுன், கூடத்தில் ஓர் ஆணி அடிக்க இடம் பார்க்கலாம்.