படம் காட்டி வீடு கட்டலாமா?

'ஒரு நல்ல படமா போடுவோம், டிக்கெட் காசுல ஏழைங்களுக்கு வீடு கட்டிக் கொடுப்போம்.' வருஷத்துக்கு ஒரு தடவையாவது நண்பர்கள் யாராவது இந்த யோசனையோட வந்துடறாங்க. நல்ல மனசுதான், அதுல சந்தேகமே இல்லை. கணக்குதான் உதைக்குது.

பிலிப்பைன்ஸ்ல இது நடந்திருக்கே என்பீர்கள். நடந்திருக்கு. 1995ல மணிலாவை ஒட்டின பகோங் சிலாங் பகுதியில டோனி மெலோட்டோ ஆரம்பிச்ச 'கவாட் கலிங்கா', 2006ல மகசேசே விருது வாங்கின அமைப்பு. அவங்க வேலையை வெச்சே 2007ல 'பராய்சோ'ன்னு மூணு கதைகள் கொண்ட படம் வந்துச்சு. இந்த மாதிரி படம் போட்டுத்தான் வீட்டுக்குக் காசு சேர்த்தாங்க. ஆனா அங்கே வீடு எப்படி எழும்புதுன்னு பாருங்க. நிலத்தை உள்ளாட்சியோ நிலக்காரர் யாராவதோ கொடுக்கணும். சிமெண்டும் செங்கலும் நன்கொடை. உழைப்பு, குடியிருக்கப் போறவங்களோடதும் தன்னார்வலர்களோடதும். ஆக, படக் காசுக்கு ரெண்டாவது ரீல்லதான் வேலை. முதல் ரீல் நிலம்!

இப்ப நம்ம கே.ஜி.கண்டிகைக்கு வருவோம். திருத்தணி சுத்துப்பட்டுல வீடில்லாதவங்கன்னா முதல்ல ஞாபகம் வரவேண்டியது இருளர்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லயே வந்தாச்சு. அதுக்கப்புறமும் பல வருஷம் திருவள்ளூர் மாவட்ட அரிசி ஆலைகள்லயும் செங்கல் சூளைகள்லயும் இருந்து இவங்களை மீட்டுக்கிட்டேதான் இருந்தாங்க. மீட்டு எங்கே அனுப்புறது? பலருக்குக் குடிசை ஏரிக்கரையில, இல்லன்னா ஓடைப் புறம்போக்குல. நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா கிடைக்காது. பட்டா இல்லாம அரசாங்க வீடு கிடைக்காது. பழங்குடிச் சான்றிதழுக்கோ ஆர்.டி.ஓ. வரைக்கும் அலையணும்.

பணம் இல்லாமலா போச்சு? பழங்குடிகளுக்கான பி.எம். ஜன்மன் திட்டம் 2023 நவம்பர்ல வந்தது. 2024ல அறிவிச்ச 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்துல வீட்டுக்கு மூன்றரை லட்சம், 2030க்குள்ள 8 லட்சம் வீடுன்னு இலக்கு. 400 சீட் தியேட்டர்ல 200 ரூபாய் டிக்கெட் மொத்தமா வித்தாலும் 80,000 ரூபாய். வாடகை, கரண்டு, சமோசா எல்லாம் போக மிச்சத்தை அந்த மூன்றரை லட்சத்துக்குப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. நாலுல ஒரு பங்குகூடத் தேறாது.

சினிமாவால பிரயோஜனமே இல்லைன்னு சொல்ல வரலை. 2021 நவம்பர்ல 'ஜெய் பீம்' வந்தப்ப சூர்யா ஒரு கோடி ரூபாயை இருளர் கல்வி அறக்கட்டளைக்குக் கொடுத்தார். அதே வாரம் மாமல்லபுரம் பக்கத்துல பூஞ்சேரியில முதல்வரே போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார். ரெண்டும் நல்ல விஷயம். ஆனா அந்தக் காகிதம் மத்த ஏரிக்கரைகளுக்கும் போகுதான்னு எத்தனை பேர் திரும்பிப் பார்த்தோம்? படம் பார்த்து அழுதோம், ஸ்டேட்டஸ் போட்டோம், அடுத்த வாரம் அடுத்த படம். ஆடிக் கிருத்திகைக்கு அன்னதானம் போட்டுட்டு மலையிறங்கின கையோட மறந்துடற மாதிரி.

'அப்ப சும்மா உட்கார்ந்திருக்கச் சொல்றியா?'ன்னு கேட்பீங்க. இல்லை சாமி. படம் போடுங்க. ஏ.சி. தியேட்டர்ல போடாதீங்க, அந்த ஏரிக்கரையிலேயே திரை கட்டிப் போடுங்க. அந்த மக்களைக் கேட்டுட்டு, அவங்களோட உட்கார்ந்து பாருங்க. வி.ஏ.ஓ.வையும் தாசில்தாரையும் கூப்பிடுங்க. படம் முடிஞ்சதும் உண்டியலை நீட்டறதுக்குப் பதிலா பட்டா மனுவை நீட்டுங்க. ஆர்.டி.ஓ. ஆபீஸ் திருத்தணியிலேயே இருக்கு. திங்கட்கிழமையானா கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் நாள். ஒரு நாள் லீவு போட்டு அவங்களோட கூடப் போங்க. பேன்ட் போட்ட நாலு பேர் பக்கத்துல நின்னா மனு வாங்குறவர் குரலே மாறும். அசிங்கமான உண்மை, ஆனா உண்மை.

அடுத்து தகவல் உரிமைச் சட்டம். 2005ல வந்தது, ஒரு மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். ஒரு டிக்கெட் காசுல 20 மனு போடலாம். நம்ம தாலுகாவுல எத்தனை இருளர் குடும்பத்துக்குப் பட்டா இருக்கு, எத்தனை மனு நிலுவையில இருக்கு, எத்தனை வருஷமா? கேளுங்க, பதில் சொல்லியே ஆகணும்.

கூரைக்குக் காசு கொடுக்க ஆயிரம் பேர் வருவாங்க. கூரை நிக்கற மண்ணைக் கேட்கத்தான் ஆளில்லை.

டிஸ்கி: மனு எழுதத் தெரியாதுன்னு யாரும் தப்பிக்க வேண்டாம். ஆபீஸ்ல லீவு கேட்டு எழுதற மெயிலைவிட இது ரொம்பச் சுலபம் :)