பிறர் வெற்றியில் மகிழ்வது பிறவிக் குணமா?

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நல்ல வேலை கிடைத்தால் ஒருவர் மனம் குளிர்கிறது, இன்னொருவர் மனம் புழுங்குகிறது. அவரவர் பிறவிக் குணம் என்று சொல்லி இதைக் கடந்துவிடுகிறோம். ஆய்வுகள் அந்த முடிவுக்கு இடம் தரவில்லை. 2018-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் வருண் வாரியரின் குழு, 46,000-க்கும் மேற்பட்டோரின் மரபணுத் தரவுகளை, பிறர் உணர்வை உணரும் இயல்பு பற்றி அவர்களே அளித்த பதில்களோடு ஒப்பிட்டது. ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் சுமார் பத்தில் ஒரு பங்குக்கே அந்தத் தரவுகளில் மரபணு விளக்கம் கிடைத்தது. இரட்டையர் ஆய்வுகள் மரபுக்கு இதைவிடக் கூடுதல் பங்கு தருகின்றன. அதை ஏற்றாலும் வளர்ப்புக்கும் சூழலுக்கும் பெரிய இடம் மிஞ்சுகிறது.

மரபணுவும் தனித்து இயங்குவதில்லை. 2010-இல் ஹீஜங் கிம் குழுவினர் அமெரிக்கர்களையும் கொரியர்களையும் ஒப்பிட்டனர். ஆக்சிடோசின் என்ற இயக்குநீரின் ஏற்பிக்குரிய ஒரு மரபணு வடிவம் கொண்ட அமெரிக்கர்கள், மன உளைச்சலில் பிறரிடம் ஆறுதலை அதிகம் நாடினர். கொரியர்களிடம் அந்தத் தொடர்பு தென்படவில்லை. துன்பத்தை வெளியே சொல்வதை ஒரு சமூகம் ஊக்குவிக்கிறது, மற்றொன்று அடக்கத்தை மதிக்கிறது. ஒற்றை மரபணுவை நடத்தையோடு இணைக்கும் முடிவுகள் மறுசோதனையில் பலமுறை ஆட்டம் கண்டிருக்கின்றன என்பது நியாயமான மறுப்பு. அந்த மறுப்பும், குணத்தை மரபணுவின் தலையில் கட்டிவிட முடியாது என்பதையே வலுப்படுத்துகிறது. பிறர் வெற்றியில் மகிழ்வதில் 'நம்மவர்' என்ற எண்ணத்துக்கு உள்ள பங்கை வேறொரு சோதனை உணர்த்துகிறது. முன்பின் அறியாதவர் விளையாட்டில் பரிசு வெல்வதைப் பார்த்தவர்களின் மூளையை 2009-இல் டீன் மாப்ஸ் குழு ஆராய்ந்தது. வென்றவர் தம்மைப் போன்றவர் என்று கருதியபோதுதான் தாமே வென்றதுபோன்ற நிறைவுணர்வு மிகுதியாக எழுந்தது. ஆகவே, மகிழும் ஆற்றல் நம்மிடம் இருக்கிறது. யார் நம்மவர் என்ற வேலியைத்தான் சாதியும் மதமும் ஊரும் போடுகின்றன. மனிதர் போட்ட வேலியை மனிதரே அகற்றலாம்.

பொறாமை இல்லையென்றால் முன்னேறும் வேகமும் இராது என்பார்கள். பிறர் உயர்வைக் கண்டு நாமும் உயர முயல்வது வேறு, அவர் சரியவேண்டும் என்று ஏங்குவது வேறு. முன்னதற்குக் கசப்பு தேவையில்லை. உறவுகளுக்கும் பிறர் வெற்றியில் மகிழ்வது நல்லது: துன்பத்தில் துணை நிற்பதைவிட, நற்செய்தியை ஒருவர் எப்படி வரவேற்கிறார் என்பதே காதலர்களின் உறவு நலத்தோடு நெருங்கிய தொடர்புடையது என்று ஷெல்லி கேபிள் குழுவின் 2006 ஆய்வு காட்டியது. பிறர் நலத்தில் மகிழ்வதை பௌத்தம் தியானப் பயிற்சியாகவே வைத்தது. வள்ளுவர் அழுக்காறாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார். பயிற்சியால் வரும் என்று நம்பாதவர்கள் இப்படி அறிவுறுத்தியிருக்க மாட்டார்கள். நாமோ தேர்வு முடிவு வந்த அன்றே, 'அவன் எவ்வளவு வாங்கினான்?' என்று கேட்டு, தோழனின் வெற்றியைப் பிள்ளைக்குத் தோல்வியாக்குகிறோம். அந்தக் கேள்வியை வீடுகள் கைவிட வேண்டும். தோழனை வாழ்த்தும் பிள்ளையைப் பள்ளிகள் பாராட்ட வேண்டும். மரபணுவை மாற்ற நம்மால் இயலாது. வளர்க்கும் முறையை மாற்ற இயலும்.