அறுபது தியேட்டரா, நாலு தியேட்டரா?

மக்களே, இந்த வாட்டி அரசியலும் இல்ல, கிரிக்கெட்டும் இல்ல. கணக்கு. ஓடிடாதீங்க, சினிமாக் கணக்குதான் :-)

எங்க தெருவுல ஒரு அண்ணன். விஸ்காம் முடிச்சுட்டு அஞ்சு வருஷம் உதவி இயக்குநரா அலைஞ்சு, கடைசியில சொந்தமா ஒரு படமே எடுத்து முடிச்சுட்டார். ஒன்றரை மணி நேரப் படம். தெரிஞ்ச முகம் ஒண்ணு கூட கிடையாது. பாட்டு, சண்டை கிடையாது. நான் பார்த்தேன், நல்லாயிருக்கு (தெருப்பாசத்துல சொல்லலை, சத்தியமா). போன வாரம் டீக்கடையில பிடிச்சு உட்கார வச்சு, "டேய் தம்பி, நீ பி.காம் தானே, இதுக்கு ஒரு வழி சொல்லு"ன்னார்.

விஷயம் இதுதான். விநியோகஸ்தர்கள்னு சொல்லிக்கிட்டு வந்த ஒருத்தர், "ஒன்பது லட்சம் கொடுங்க, தமிழ்நாடு முழுக்க அறுபது தியேட்டர்ல போட்டுத் தர்றேன்"ங்கறார். அண்ணன் கையில சரியா அவ்வளவுதான் மிச்சம். அதுலயும் பாதி அவங்க அம்மா நகையை அடகு வச்ச காசு.

எனக்கு முதல்ல ஒண்ணுமே புரியலை. படத்தை வாங்கறவன் தானே காசு கொடுக்கணும், விக்கறவன் எதுக்குக் கொடுக்கறான்? அப்புறம்தான் தெரிஞ்சது, பெரிய நடிகர் படம்னா விநியோகஸ்தர் மினிமம் கேரண்டி கொடுத்து ஏரியா ஏரியாவா வாங்குவார். ஓடலைன்னா நஷ்டம் அவருக்கு. முகம் தெரியாத படத்துக்கு அந்த ரிஸ்க்கை யாரும் எடுக்க மாட்டாங்க. அதனால கமிஷன் கணக்குல போடுவாங்க. போஸ்டர், விளம்பரம், தியேட்டர்ல டிஜிட்டல்ல ஓட்டறதுக்கான கட்டணம் எல்லாம் தயாரிப்பாளர் தலையில. அந்த டிஜிட்டல் கட்டணம் சின்ன சமாச்சாரம்னு நினைக்காதீங்க. 2018 மார்ச், ஏப்ரல்ல தமிழ் சினிமாவே புதுப்படம் விடாம ஸ்டிரைக் பண்ணினதுக்கு அதுதான் முக்கியக் காரணம்.

சரி, பேப்பரும் பேனாவும் எடுத்தேன். ஒன்பது லட்சத்தை அறுபதால வகுத்தா தியேட்டருக்கு 15,000 ரூபாய். டிக்கெட்ல வரி போக நூறு ரூபாய், அதுல நமக்குப் பாதின்னு வச்சுக்குவோம். போட்ட காசு திரும்பி வர 18,000 பேர் பார்க்கணும். தியேட்டருக்கு 300 பேர். "ஒரு வாரத்துல 300 பேர் வர மாட்டாங்களாடா?"ன்னு அண்ணன் கேட்டார். வாரம் முழுக்க ஓடினா தினம் ஒரு காட்சிக்கு 43 பேர், பரவாயில்லை. ஆனா இந்த மாதிரிப் படத்துக்கு வாரம்ங்கறது மூணு நாள். வெள்ளிக்கிழமை காலைக்காட்சிக்குப் பத்துப் பேர் வந்தா திங்கள்கிழமை அந்தத் திரையில வேற படம் இருக்கும். மூணு நாள்னா காட்சிக்கு நூறு பேர். போஸ்டரே கண்ணுல படாத படத்துக்கு எங்கேர்ந்து வருவாங்க?

என்னோட யோசனை, நாலு தியேட்டர். சென்னையில ரெண்டு, மதுரை, கோவையில ஒண்ணொண்ணு. சாயங்காலக் காட்சி மட்டும். 60,000 ரூபாய். இங்கே என் ரூம்மேட் குறுக்கே விழுந்தான்: "லூசு, அப்பவும் தியேட்டருக்கு 300 பேர் தானே வேணும், கணக்கு மாறலையே?" கரெக்ட். விகிதம் மாறலை. மொத்தம் மாறுது. 1,200 பேர்ங்கறது போன் பண்ணி, காலேஜ் காலேஜா போய், திரைப்பட சங்கங்கள்கிட்ட பேசி நாமளே கூட்டிட்டு வரக்கூடிய எண்ணிக்கை. 18,000 பேரை விளம்பரம்தான் கூட்டிட்டு வரணும், அந்த விளம்பரத்துக்குக் காசு இந்த ஒன்பது லட்சத்துல இல்லை. நாலு தியேட்டர் நிறைஞ்சா அஞ்சாவது தியேட்டர்காரர் தானா கேப்பார். நிறையலைன்னா மிச்சம் எட்டு லட்சத்து நாப்பதாயிரம் பத்திரமா இருக்கும்.

இது நான் கண்டுபிடிச்சது ஒண்ணும் இல்ல. 2013ல ஆனந்த் காந்தியோட 'ஷிப் ஆஃப் தீசியஸ்' வந்தப்போ, எந்த ஊருக்குப் படம் வேணும்னு ஃபேஸ்புக்ல ஜனங்களையே ஓட்டுப் போட வச்சாங்க. கூட்டம் எங்கே இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் திரையைத் தேடிப் போனாங்க. அதுக்கும் ரொம்ப முன்னாடி, 1986ல ஜான் ஆபிரகாம் (நம்ம 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்தவர்தான்) 'அம்ம அறியான்' படத்தை மக்கள்கிட்ட காசு வசூல் பண்ணி எடுத்து, கேரளாவுல ஊர் ஊரா கொண்டு போய்ப் போட்டுக் காட்டினார். அவருக்கு விநியோகஸ்தரே தேவைப்படலை.

தமிழ்ல பார்க்கணும்னா பி.எஸ்.வினோத்ராஜோட ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. 'கூழாங்கல்' 2021ல ராட்டர்டாம் விழாவுல டைகர் விருது வாங்குச்சு, இந்தியா சார்பா ஆஸ்கருக்குப் போச்சு, தியேட்டர் பக்கமே வராம 2023 அக்டோபர்ல சோனி லிவ்ல வந்துச்சு. 'கொட்டுக்காளி' 2024ல பெர்லின் விழாவுக்குப் போயிட்டு, ஆகஸ்ட் 23 அன்னிக்கு நேரா தியேட்டருக்கு வந்துச்சு, அதே நாள் 'வாழை'யும். தயாரிப்பு சிவகார்த்திகேயன், நாயகன் சூரி. 'கருடன்' பார்த்த சூட்டோட வந்தவங்க, பின்னணி இசையே இல்லாத படத்தைப் பார்த்து முழிச்சாங்க. இதெல்லாம் தியேட்டருக்கான படமான்னு ஒரு விவாதமே நடந்துச்சு. என்னைக் கேட்டா படத்து மேல தப்பே இல்ல. தியேட்டருக்கு வந்ததும் தப்பில்ல. இது என்ன மாதிரிப் படம்னு தெரியாத கூட்டம் முதல் நாளே உள்ளே வந்ததுதான் சிக்கல். கொஞ்சமா ஆரம்பிச்சு, பார்த்தவங்க சொல்லி அடுத்தவங்க வந்திருந்தா பேச்சே வேற மாதிரி இருந்திருக்கும்னு நினைக்கிறேன்.

அப்போ நேரா ஓடிடிக்கே போயிடலாமேன்னு கேப்பீங்க. சென்சார் சர்டிபிகேட் கூட வேண்டாம், செலவு மிச்சம். ஆனா அங்கே போயிட்டா திரும்பி வர வழி கிடையாது. ஓடிடியில வந்த படத்தைத் தியேட்டர்காரர் தொட மாட்டார். பெரிய விழாக்கள் தங்ககிட்டதான் முதல்ல திரையிடணும்னு கேக்கும். அவசரப்பட்டு யூடியூப்ல போட்டா அந்தக் கதவும் சாத்திடும். ஒரு படத்தை முதல் தடவை காட்டறது ஒரே ஒரு தடவைதானே! அதனால நான் சொன்ன வரிசை: முதல்ல விழாக்கள், அப்புறம் நாலு தியேட்டர், கடைசியா ஓடிடி. செழியனோட 'டூலெட்' 2017 நவம்பர்ல கொல்கத்தா விழாவுல ஆரம்பிச்சு, தேசிய விருது வாங்கி, தியேட்டருக்கு வந்தப்போ 2019 பிப்ரவரி. ஒண்ணே கால் வருஷம். அதுக்குள்ளே படத்தோட பேர் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு.

இதையெல்லாம் மூச்சு விடாம சொல்லி முடிச்சேன். அண்ணன் டீ கிளாஸையே பார்த்துட்டிருந்தார். அப்புறம் சொன்னார், "ஒண்ணே கால் வருஷத்துக்கு நகைக்கு வட்டி யாருடா கட்டறது?"

என் கணக்குல அந்த வரியே இல்ல. காஸ்ட் அக்கவுண்டிங்ல எழுபத்தெட்டு மார்க் வாங்கினவன் நான்!

கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணும் சொன்னார். "அந்த அறுபதுல ஆண்டிபட்டியும் இருக்குடா. எங்க அப்பா அங்கேதான் படம் பார்ப்பார்." நாலுல ஆண்டிபட்டி இல்லை. அஞ்சா ஆக்கிடலாம்ணேன்னு சொன்னேன், 15,000 தானே, லாபம் பார்க்கவே வேண்டாம். லேசா சிரிச்சார், ஒத்துக்கிட்ட மாதிரி தெரியலை.

நகையில பாதியை மீட்டுட்டா வட்டி குறையும், மிச்சத்துல ஒரு வருஷம் ஓட்டலாமான்னு நேத்து ராத்திரி திரும்பக் கணக்குப் போட்டேன். கொஞ்சம் இடிக்குது, ஆனா வருது. காலையில பேப்பரை எடுத்துட்டுப் போனா அண்ணன் வீட்டுல இல்லை, சென்னை கிளம்பிட்டார்னு அம்மா சொன்னாங்க. அந்த ஆளுக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். போனும் எடுக்க மாட்டேங்கறார்.

விஸ்காம், சினிமா வட்டாரத்துல இருக்கறவங்க யாராவது இந்த அறுபது தியேட்டர் வழியில போய்ப் பார்த்திருந்தா, என்ன ஆச்சுன்னு எழுதுங்க. வியாழக்கிழமைக்குள்ள எழுதினா புண்ணியமா போகும்.