காலையில் கேட்டால் மாலையில் பதிலா?

பொத்தேரியில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, காலையில் கேட்டதற்கு மாலைக்குள் பதில் இல்லையே என்று வருந்துகிறீர்களா?

அரசுத் தொடக்கப் பள்ளியில் 30 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பதே 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த அளவு. பாடவேளையில் அவர் நமக்குப் பதில் எழுத அமர்ந்தால் இழப்பு நம் பிள்ளைக்கே. பாடம் பற்றிய ஐயங்களுக்கு இரண்டொரு நாள் பொறுப்பதே முறை. பிள்ளையின் பாதுகாப்பு பற்றியதெனில் ஒரு நாழிகையும் பொறுக்க வேண்டாம், நேரில் செல்லுங்கள்.

மௌனம் நீடித்தால், தேதியிட்டு எழுதிக் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரே, அங்கே எடுத்துரையுங்கள். தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும்.

பொறுமை வேறு, வாய்மூடி இருத்தல் வேறு.