“செக் பண்ணாதே” என்று எழுதப்பட்ட ஒரு வரி

அம்பிட்டியவில் வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை செய்கிறேன். கடந்த மாதம் கண்டி நகரத்து வியாபாரி ஒருவர் பேசினார். “தம்பி, சைட் நல்லாத்தான் திறக்குது, கார்ட்ல காசு மட்டும் போக மாட்டேங்குது.”

காரணம் சிறியது. கடையின் சேர்வர் பணத்தை அறவிட இன்னொரு நிறுவனத்தின் சேர்வரைத் தொடர்புகொள்ள வேண்டும். அந்த நிறுவனம் தன் பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பித்தபோது, அதற்கு உத்தரவாதம் தரும் இடைநிலைச் சான்றிதழைச் சேர்வரில் இணைக்க மறந்திருந்தது. பிரவுசர்கள் பெரும்பாலும் அந்த இடைவெளியைத் தாமே நிரப்பிக்கொள்ளும். கடையின் நிரலுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது; கண்டிப்பான கிளார்க் மாதிரி, சங்கிலி அறுந்திருக்கிறது என்று மறுத்துவிட்டது. ஓப்பன் எஸ்எஸ்எல் கருவியில் ஒரு வரி தட்டியதும் குறை தெரிந்தது.

நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு அழைத்தேன். கிடைத்த ஆலோசனை: “சான்றிதழ் சரிபார்ப்பை ஓஃப் பண்ணிவிடுங்கள் சேர்.”

அதைவிட மோசம், கடையின் நிரலில் வேறோரிடத்தில் யாரோ ஏற்கனவே அப்படி ஓஃப் பண்ணி வைத்திருந்தார்கள். 2022இல் நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்த காலத்து வேலையாக இருக்கலாம். பற்றரி செத்த பழைய கணினிகள் மின்சாரம் வந்ததும் பல வருடங்கள் பின்னோக்கிய திகதியில் விழித்துக்கொள்ளும். அந்தத் திகதிக்கு இன்றைய சான்றிதழ் ‘இன்னும் செல்லுபடியாகாதது’. கடிகாரத்தைத் திருத்தினால் போதும். அவசரத்தில் பூட்டையே கழற்றிவிடுகிறோம்.

கழற்றினால் என்ன ஆகும்? 2021 பெப்ரவரி 6ஆம் திகதி கூகுளின் இலங்கை முகவரி உட்படச் சில டொட் எல்கே முகவரிகள் வேறொரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டன. அங்கே தேயிலைத் தொழிலின் பிரச்சினையும் ஊடக சுதந்திரமும் பேசப்பட்டிருந்தன. எதிர்ப்புக் குரல் என்று கடந்துபோனோம். இதே வழியில் ஒரு கொடுப்பனவு முகவரி திருப்பப்பட்டால், சரிபார்க்கும் நிரல் பெரும்பாலும் தொடர்பைத் துண்டித்துவிடும். சரிபார்க்காத நிரல் அட்டை இலக்கத்தைச் சத்தமில்லாமல் ஒப்படைக்கும். சான்றிதழும் முழுக் காப்பு அல்ல என்பது உண்மைதான். 2014 ஜூலையில் இந்திய அரசின் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றிதழ் பிரிவிலிருந்தே கூகுள் முகவரிகளுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளிவந்தது தெரியவந்தது. ஆனால் அவை கண்டுபிடிக்கப்பட்டு இரத்துச் செய்யப்பட்டன.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. சான்றிதழ் வழங்குநர்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த மன்றம் 2025 ஏப்ரலில் ஒரு முடிவெடுத்தது. 398 நாட்களாக இருந்த உச்ச ஆயுட்காலம் 2026 மார்ச் 15 முதல் 200 நாட்கள், 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47. திருடப்பட்ட சான்றிதழ் நீண்டநாள் உயிரோடு இருக்கக்கூடாது என்பதே நியாயம். எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பதையே மறக்கும் அலுவலகங்கள் வருடத்துக்கு எட்டுமுறை எப்படிச் செய்யப்போகின்றன? இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட், காலாவதி நினைவூட்டல் மின்னஞ்சல்களையும் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. தானியங்கிப் புதுப்பித்தலைத் தவிர வேறு வழியில்லை. தளம் கட்டித் தந்தவர் வெளிநாடு போய்விட்ட பிறகு அதை யார் அமைப்பது? பராமரிப்புக்கென்று எங்கள் ஒப்பந்தங்களில் ஒரு வரியாவது இருக்கிறதா?

அரசாங்கமோ 2025 பெப்ரவரியில் கவ்பே மூலம் அரச கட்டணங்களையும் ஒன்லைனுக்குக் கொண்டுவந்துவிட்டது. சிவப்பு எச்சரிக்கை வந்தால் “பரவாயில்லை, உள்ளே போ” என்று அழுத்தப் பழகிய அதே விரல்கள்தான் அங்கேயும் பணம் கட்டும்.

வியாபாரிக்கு, விடுபட்ட இடைநிலைச் சான்றிதழை எங்கள் பக்கத்தில் தற்காலிகமாகச் சேர்த்து, சரிபார்ப்பை அப்படியே விட்டேன். அன்று மாலையே காசு போனது. பழைய வரியையும் அழித்துவிட்டேன். நிறுவனத்துக்கு எழுதிய மின்னஞ்சலுக்கு இன்னும் பதிலில்லை.