துணிச்சுவரும் தகரச்சுவரும்

டென்ட், கேரவன் - இந்த இரண்டு சொற்களும் நமக்குப் பழக்கமானது சினிமா வழியாகத்தான். டென்ட் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்த தலைமுறை ஒரு பக்கம். படப்பிடிப்பு இடைவேளையில் ஏ.சி. கேரவனுக்குள் ஓய்வெடுக்கும் நட்சத்திரங்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே வயலில், பக்கத்துப் பக்கத்தில் ஒரு வாரம் குடிவைத்தால் எப்படி இருக்கும்?

இங்கிலாந்தில் ஒவ்வொரு கோடையிலும் அதுதான் நடக்கிறது. ஜூலைக் கடைசியில் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும், குடும்பம் குடும்பமாகக் கிளம்பி கடலோரத்துக்கும் மலையடிவாரத்துக்கும் போகிறார்கள். தங்குவது ஓட்டலில் அல்ல, கேம்ப்சைட்டில். அதாவது, எண் போட்டுப் பிரித்த ஒரு புல்வெளி, பொதுக் குளியலறை, கழிப்பறை, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி. அந்த இடத்தில் ஒரு குடும்பம் டென்ட் அடிக்கும். அடுத்த எண்ணில், காருக்குப் பின்னால் கட்டி இழுத்துவந்த சிறு வீடு ஒன்று வந்து நிற்கும். அதுதான் கேரவன். உள்ளே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், ஹீட்டர், கழிப்பறை எல்லாம் உண்டு.

ஒருவருக்குச் சுவர் துணி. மற்றவருக்கு அலுமினியத் தகடு. நடுவே சில அடி புல். உரசல் வராமல் இருக்குமா?

வருகிறது. டென்ட்காரர்கள் சொல்வதைக் கேளுங்கள்: "அவர்கள் வீட்டையே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். வாசலில் பளிச்சென்று விளக்கு. உள்ளே டி.வி. ஓடுகிறது. விடிகாலையில் கார் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு வண்டியைக் கோக்கிறார்கள். இதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாமே?" கேரவன்காரர்கள் சொல்வதையும் கேளுங்கள்: "ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து சிரித்துப் பேசுகிறார்கள். துணிக்குள் இருப்பதால் ஊருக்கே கேட்கிறது என்று தெரியவில்லை. பிள்ளைகள் எங்கள் வாசல் வழியாகக் குறுக்கே ஓடுகிறார்கள். கயிற்றை எங்கள் எல்லை வரை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள்."

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. வேடிக்கை என்னவென்றால், இந்தச் சண்டைக்கு வயது நூறுக்கும் மேல்.

தையல்காரரும் மருத்துவரும்

1885-ல் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு வண்டி கட்டச் சொன்னார். கடற்படையில் மருத்துவராக இருந்தவர். சிறுவர்களுக்கான சாகசக் கதைகள் எழுதிப் பெயர் பெற்றவர். பிரிஸ்டல் நகரத்தின் வண்டித் தொழிற்சாலை ஒன்று கட்டிக்கொடுத்த அந்த வண்டிக்கு 'வாண்டரர்' என்று பெயர். இரண்டு குதிரைகள் இழுத்தன. ஓட்ட ஒரு வண்டிக்காரர். முன்னால் மூன்று சக்கர சைக்கிளில் போய் வழி பார்க்க ஒரு பணியாள். உல்லாசப் பயணத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் கேரவன் என்று இன்று அதைத்தான் சொல்கிறார்கள். 1907-ல் கேரவன் பிரியர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கியபோது, இப்படி வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்காகவே அது இருந்தது.

இன்னொரு பக்கம் தாமஸ் ஹிராம் ஹோல்டிங். லண்டனில் தையல்காரர். சிறுவனாக இருந்தபோது, 1853-ல், பெற்றோருடன் அமெரிக்கப் புல்வெளிகளைக் குடியேறிகளின் வண்டிக் கூட்டத்தோடு கடந்தவர். வளர்ந்தபின் சைக்கிளில் கட்டி எடுத்துப்போகிற அளவுக்கு எடை குறைந்த டென்ட்களைத் தைத்தார். இவர் முன்னின்று 1901-ல் சைக்கிள் முகாம்காரர்களின் சங்கம் பிறந்தது. கையில் இருப்பதை வைத்து, சொந்தக் காலில் மிதித்துப் போகிறவர்களின் சங்கம்.

ஒருவருக்குக் குதிரை, வண்டிக்காரர், பணியாள். மற்றவருக்கு ஒரு சைக்கிள், ஒரு துணி மூட்டை. இன்றைக்கும் கேம்ப்சைட்டில் நடக்கும் முணுமுணுப்புகளில் இந்தப் பழைய வாடை கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் காலம் இந்தக் கோட்டை அழித்துக்கொண்டே வந்தது. கார் வந்தது, கேரவன் சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டியது. சைக்கிள்காரர்கள் தொடங்கிய அதே சங்கம் 1983-ல் 'கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப்' என்று பெயரை மாற்றிக்கொண்டது. இன்று அதன் பல இடங்களில் இரண்டு கூட்டமும் சேர்ந்தே தங்குகின்றன. 1907-ல் தொடங்கிய கேரவன் சங்கத்தின் இடங்களில் பல இன்னமும் டென்ட்களை ஏற்பதில்லை.

ஆறு மீட்டர் எதற்கு?

வாய்ச்சண்டையை விடுங்கள். உயிர்ச்சேதம் வரக்கூடிய விஷயங்களைப் பார்ப்போம்.

பிரிட்டனில் கேம்ப்சைட் நடத்துகிறவர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு குடும்பத்தின் டென்ட் அல்லது கேரவன் சுவருக்கும் அடுத்த குடும்பத்தின் சுவருக்கும் ஆறு மீட்டர் இடைவெளி. வாசல் பந்தல், கயிறு எல்லாம் போக நடுவில் மூன்று மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். முதல் தடவை போகிறவர்களுக்கு இது மரியாதைக்கான இடைவெளி மாதிரித் தெரியும். உண்மையில் அது தீக்கான இடைவெளி. டென்ட் துணி பற்றிக்கொண்டால் ஒரு நிமிடத்துக்குள் எரிந்து முடிந்துவிடும் என்று அங்கே தீயணைப்புத் துறையினர் எச்சரிக்கிறார்கள். கேரவனில் எரிவாயு சிலிண்டர் இருக்கிறது. இரண்டையும் ஒட்டி நிறுத்தினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, கயிற்றைக் கொஞ்சம் தள்ளி அடி என்று பக்கத்துக்காரர் சொன்னால் கோபப்படுவதற்கு ஒன்றுமில்லை. அவர் பாதுகாப்பது தன் புல்லை மட்டுமல்ல, உங்கள் பிள்ளைகளையும்தான்.

அடுத்தது, சத்தமில்லாமல் கொல்லும் கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. சாயங்காலம் கரியடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, 'தணல்தானே, சூடாக இருக்கட்டும்' என்று அதை டென்ட்டுக்குள்ளோ கேரவனுக்குள்ளோ எடுத்துவைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி அங்கே பல தடவை வந்திருக்கிறது. அணைந்தது போலத் தோன்றும் கரியும் மணிக்கணக்கில் அந்த வாயுவைக் கக்கும். இந்த விஷயத்தில் துணிச்சுவர், தகரச்சுவர் என்ற பேதம் இல்லை. அடுப்பு வெளியே, ஆள் உள்ளே. குளிர்கிறது என்றால் இன்னொரு கம்பளி. எச்சரிக்கை மணி அடிக்கும் சிறு கருவி ஒன்று கடையில் கிடைக்கிறது. அதை வாங்கி மாட்டுவது நல்லது.

கெட்டில் போட்டால் கரன்ட் போகும்

மூன்றாவது, மின்சாரம். பல கேம்ப்சைட்களில் ஒவ்வோர் இடத்துக்கும் பக்கத்தில் ஒரு கம்பம், அதில் நீல நிற ப்ளக் இருக்கும். கேரவன்காரர்கள் நீளமான வயரைக் கோத்துக்கொள்வார்கள். இப்போது டென்ட்காரர்களும் அதற்கான பாதுகாப்புப் பெட்டியோடு எடுத்துக்கொள்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். அங்கே மின்னழுத்தம் 230 வோல்ட். கம்பத்தில் 10 ஆம்பியர் என்று போட்டிருந்தால், ஒரே நேரத்தில் நீங்கள் எடுக்கக்கூடியது 2,300 வாட். வீட்டில் வைத்திருக்கும் எலெக்ட்ரிக் கெட்டில் அங்கே பெரும்பாலும் 3,000 வாட். ஆக, காபிக்குத் தண்ணீர் வைத்த உடனே ட்ரிப் ஆகும். 16 ஆம்பியர் என்றால் 3,680 வாட் வரை தாங்கும். அதிலும் கெட்டிலோடு ஹீட்டரையும் சேர்த்துப் போட்டால் போச்சு. அதனால்தான் விவரமானவர்கள் சுமார் 1,000 வாட்டுக்குள் ஓடுகிற சின்னக் கெட்டில் ஒன்றைத் தனியாக வைத்திருப்பார்கள். தண்ணீர் கொதிக்கக் கூடுதல் நேரம் ஆகும். ஆகட்டுமே, விடுமுறைதானே!

நிலமும் ஒரு பிரச்சினை. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள கேரவன் ஈரப் புல்லில் ஏறினால் சக்கரத் தடம் பதியும். அடுத்து வருகிறவர் அந்தப் பள்ளத்தில் டென்ட் அடித்தால் ராத்திரி மழைநீர் முழுக்க அவர் முதுகுக்கடியில். மாறாக, கேரவனுக்கென்று கல் கொட்டிக் கெட்டிப்படுத்திய இடத்தில் டென்ட்காரரை விட்டால் முளை இறங்காது. டென்ட்டின் அடித்துணியும் ஒரு வாரம் கிடந்தால் அதன் கீழே புல் மஞ்சளாகிவிடும். ஆக, யார் நிலத்தைக் கெடுக்கிறார் என்ற கேள்விக்கு விடை: இருவரும், அவரவர் வழியில். இடத்தை மாற்றி மாற்றிக் கொடுத்துப் புல்லுக்கும் ஓய்வு கொடுப்பவரே நல்ல நிர்வாகி.

பிரித்துவிட்டால் என்ன?

'அவர்களை அந்தப் பக்கம், இவர்களை இந்தப் பக்கம் வைத்துவிட்டால் தீர்ந்தது' என்று தோன்றும். சில இடங்களில் பிரித்துத்தான் ஆக வேண்டும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஃபிஷிங் பிரிட்ஜ் என்ற இடத்தில் டென்ட்டுக்கு அனுமதியே இல்லை. கெட்டிச் சுவருள்ள வண்டிகள் மட்டும்தான். காரணம், அது கரடிகள் நடமாடும் இடம். அதே நாட்டின் யோசெமிட்டி பூங்காவில் கேம்ப் 4 என்ற முகாம் நேர்மாறு. அங்கே டென்ட் மட்டும்தான். பாறை ஏறுகிறவர்களின் தாய்வீடு போன்ற அந்த இடம் 2003-ல் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலிலும் சேர்ந்தது.

இங்கிலாந்தில் கரடி இல்லை. அங்கே பிரிப்பது சட்டமும் வரவு செலவும். 2023-ல் கொண்டுவந்த ஒரு விதிப்படி, நில உரிமையாளர் ஒருவர் தனியாகத் திட்ட அனுமதி கேட்டு விண்ணப்பிக்காமலே, வருடத்தில் 60 நாள் வரை, 50 இடங்களுக்கு மிகாமல் தற்காலிக கேம்ப்சைட் நடத்தலாம். டென்ட்டுக்கும், இன்ஜினோடு கூடிய மோட்டார்ஹோமுக்கும் அதில் இடம் உண்டு; காரால் இழுத்துவரும் கேரவனுக்கு இல்லை. ஆண்டு முழுக்க நடக்கும் இடங்களிலோ காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது. மின்சாரம், கெட்டித் தரை உள்ள இடத்துக்குக் கூடுதல் கட்டணம் வாங்கலாம். குளிர்காலத்திலும் ஆள் வரும். ஆகவே புல்வெளி கொஞ்சம் கொஞ்சமாகக் கல் தரையாக மாறுகிற இடங்களும் உண்டு.

என் கவலை இங்கேதான். டென்ட் என்பது பலருக்கு விளையாட்டு. சில குடும்பங்களுக்கோ அது ஒன்றுதான் கைக்கு எட்டுகிற விடுமுறை. மூன்று பிள்ளைகளோடு கடலோர ஓட்டலில் ஒரு வாரம் தங்க முடியாதவர்கள், ஒரு டென்ட்டை வாங்கிப் பத்து வருடம் ஓட்டுவார்கள். அந்தப் புல்வெளி போனால் அவர்களுக்குக் கடலும் போனது போலத்தான். அதே சமயம், கேரவன் வைத்திருப்பவர்கள் எல்லோரும் சீமான்கள் என்று நினைப்பதும் தவறு. முழங்கால் வலியோடு தரையில் படுத்து எழ முடியாத பெரியவர்கள், ராத்திரியில் நான்கு தடவை கழிப்பறைக்குப் போக வேண்டிய நோயாளிகள், மருந்தை ஃபிரிட்ஜில் வைத்தே ஆக வேண்டியவர்கள் - இவர்களுக்கு அந்தத் தகரச்சுவர் இல்லையென்றால் பயணமே இல்லை.

இன்னொன்று, குடும்பமே இரண்டாகப் பிரிந்துதானே வருகிறது? தாத்தாவும் பாட்டியும் கேரவனில். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் டென்ட்டில். வேலி போட்டுப் பிரித்தால் இவர்கள் எங்கே போவார்கள்? புயல் அடிக்கும் ராத்திரியில் கம்பம் முறிந்து நனைந்து நிற்கும் குடும்பத்துக்கு, கதவைத் திறந்து டீ கொடுக்க ஒரு கெட்டிச் சுவர் பக்கத்தில் இருப்பது நல்லதுதான்.

அதனால் என் ஓட்டு, ஒரே வேலிக்குள் இருவரும், ஆனால் கொஞ்சம் யோசித்து என்பதற்கு. தண்ணீர் தேங்காத மேட்டுப் புல் டென்ட்டுக்கு. பாதையை ஒட்டிய கெட்டித் தரை கேரவனுக்கு. நடுவே, கலந்து வரும் குடும்பங்களுக்கு ஒரு வரிசை. ஆறு மீட்டரில் சமரசம் இல்லை.

மீதி, தங்குகிறவர் கையில். அங்கே பெரும்பாலான இடங்களில் இரவு 10 அல்லது 11 மணியிலிருந்து காலை 7 வரை அமைதி நேரம். துணிக்குள் இருப்பவர் நினைவில் வைக்க வேண்டியது: உங்கள் சுவர் பார்வையை மறைக்கும், பேச்சை மறைக்காது. தகரத்துக்குள் இருப்பவர் நினைவில் வைக்க வேண்டியது: உங்களுக்குக் கதவைச் சாத்தினால் இருட்டும் அமைதியும் வந்துவிடும்; பக்கத்துக்காரருக்குச் சாத்தக் கதவே இல்லை. ஆகவே வாசல் விளக்கை முதலில் அணைக்க வேண்டியவர் நீங்கள்தான். கழிப்பறைப் பெட்டியை அதற்கென்று உள்ள இடத்தில் மட்டுமே கொட்டுங்கள். குடிதண்ணீர்க் குழாயடியில் அல்ல. யாருடைய இடத்தையும் குறுக்கே கடக்காமல் சுற்றிப் போகப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அடுத்த கோடையில் உங்கள் மகளோ மகனோ லண்டனிலிருந்து, "வாங்கம்மா, டென்ட் போட்டு ஒரு வாரம் தங்கலாம்" என்று கூப்பிடலாம். தயங்காமல் போய்வாருங்கள். போனதும் முதல் வேலையாகப் பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வணக்கம் சொல்லி, "கயிறு உங்கள் பக்கம் வருகிறதா, பாருங்கள்" என்று கேட்டுவிடுங்கள். முளை அடிக்கச் சுத்தியலை மறந்து வந்திருந்தால் கடன் கொடுக்கப்போகிறவரும் அவர்தான்.