அடுத்தவர் பெட்டியில் சேரும் நம் சேமிப்பு



சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் இடையே கனகம்மாசத்திரம் இருக்கிறது. வழிப்போக்கர் தங்கும் சத்திரம் இன்றும் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். பக்கத்துத் திருத்தணி 1960 ஏப்ரல் முதல் நாளில்தான் ஆந்திரத்திலிருந்து நம் மாநிலத்தோடு சேர்ந்தது. ஆகவே இந்தப் பகுதிக் கடைத்தெருக்களில் தமிழும் தெலுங்கும் கலந்தே காதில் விழும்.

இங்குள்ள குடும்பங்களுக்கு மூன்று நான்கு வழிகளில் வருமானம் வருகிறது. கரும்பு பயிரிட்டு திருவாலங்காட்டுச் சர்க்கரை ஆலைக்கு அனுப்புவோர் உண்டு. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் விசைத்தறி ஓட்டுவோர் உண்டு. விடியற்காலையில் வரும் கம்பெனி வேனில் ஏறி ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்கு ஒப்பந்த வேலைக்குப் போகும் இளைஞர்களும் இளம்பெண்களும் உண்டு. மீதிப்பேர் கட்டட வேலை, நூறு நாள் வேலை என்று நாட்களை ஓட்டுகிறவர்கள். இவற்றில் எதுவும் மாதா மாதம் தேதி தவறாமல் கைக்கு வரும் பணம் அல்ல. கரும்புப் பணம் தாமதமாகும், தறிக்கு நூல் வராது, ஒப்பந்தக்காரர் ஆளைக் குறைப்பார். ஆனால் கடன் தவணை மட்டும் கிழமை தவறாமல் வந்துவிடுகிறது.

வாரத்தில் ஒருநாள் காலையில் ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் பத்துப் பதினைந்து பெண்கள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பதை நம் ஊர்களில் எவரும் பார்க்கலாம். "குழு லோன்" என்பார்கள். ஒருவருக்குப் பணம் குறைந்தால் மற்றவர்கள் சேர்ந்து போட வேண்டும். அதுவரை யாரும் எழுந்து போக முடியாது. அந்த வழியாகச் செல்லும் நாம் மகளிர் சங்கக் கூட்டம் நடக்கிறது என்று எண்ணி மகிழ்ந்துபோகிறோம். அட்டையில் இருப்பது சேமிப்புக் கணக்கா, கடன் கணக்கா என்று கேட்பதில்லை.

அதன்பின் ஞாயிறு திருப்பலியில் சிக்கனம் பற்றிப் பேசுகிறோம். ஆடம்பரத்தைத் தவிருங்கள், வரவுக்குள் செலவு செய்யுங்கள், சிறுதுளி பெருவெள்ளம் என்கிறோம். தவறான அறிவுரை அல்ல. யாருக்குச் சொல்கிறோம் என்பதைத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. முன்வரிசையில் அமர்ந்து கேட்கும் அந்தத் தாய்க்கு, மிஞ்சிய சோற்றில் நீரூற்றி மறுநாள் காலை உணவாக்கத் தெரியும். பெரியவளின் சீருடையைப் பிரித்துத் தைத்துச் சின்னவளுக்குப் போடத் தெரியும். உலையில் போடும் அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் வைக்கும் பழக்கத்தை அவர் தம் மாமியாரிடமிருந்து கற்றார். அப்பத்துண்டுகள் வீணாகாதபடி சேர்த்து வைக்குமாறு ஆண்டவர் சீடர்களிடம் சொன்னதை (யோவான் 6) அவர் வாழ்ந்துகொண்டிருக்கிறார். பிறகு ஏன் அவர் கையில் ஒன்றும் நிற்பதில்லை?

தண்டல் கணக்கைப் பார்ப்போம். பத்தாயிரம் ரூபாய்த் தண்டல் என்றால் பெரும்பாலும் 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் தருவார்கள். நாளுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "பத்தாயிரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறுதானே" என்று தோன்றும். ஆனால் அந்த 8,500 ரூபாய் முழுவதும் நூறு நாளும் நம்மிடம் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே திரும்பிப் போகத் தொடங்கிவிடுகிறது. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி நூறு விழுக்காட்டைத் தாண்டும். நூறு நாள் முடிந்ததும் மறுபடி ஒரு தண்டல். இப்படியே ஐந்தாண்டு ஓடினால் வட்டியாக மட்டும் 27 ஆயிரம் ரூபாய்க்கு மேல் போயிருக்கும். அதே நூறு ரூபாயை, அதாவது மாதம் 3,000 ரூபாயை, அஞ்சலகத் தொடர் வைப்பில் ஐந்தாண்டு கட்டினால், 2024-25இல் இருந்த 6.7 விழுக்காடு வட்டிப்படி சுமார் 2 இலட்சத்து 14 ஆயிரம் ரூபாய் கிடைக்கும். கட்டியது 1 இலட்சத்து 80 ஆயிரம், மீதி வட்டி.

இதில் நாம் கவனிக்க வேண்டியது வட்டிக் கணக்கை மட்டுமல்ல. நூறு நாளும் தவறாமல் நூறு ரூபாய் கட்டுகிறவரை ஊதாரி என்று யார் சொல்ல முடியும்? நம்மில் மாதச் சம்பளக்காரர் எத்தனை பேருக்கு அந்த ஒழுங்கு உண்டு? ஏழைக்குச் சேமிக்கத் தெரியாது என்பது உண்மையல்ல. அவர் நாள்தோறும் சேமிக்கிறார், ஆனால் அடுத்தவர் பெட்டியில். முதலில் செலவு வந்துவிட்டது, சேமிப்பு பின்னால் போகிறது. முன்னும் பின்னும் மாறியிருப்பதுதான் சிக்கல்.

இந்தச் சிக்கல் முற்றினால் என்ன ஆகும் என்பதை எல்லைக்கு அப்பால் நகரி, புத்தூர்ப் பக்கம் உறவினர் உள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2010இல் ஆந்திரத்தில் நுண்கடன் நிறுவனங்கள் ஒரே குடும்பத்துக்கு நான்கைந்து கடன்களைக் கொடுத்தன. வசூல் நெருக்கடியில் தற்கொலைகள் நடந்ததாகச் செய்திகள் வந்தன. அவ்வாண்டு அக்டோபரில் அம்மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து வசூலுக்குக் கடிவாளம் போட்டது. நுண்கடனுக்கு முன்னோடியான வங்கதேசத்தின் முகமது யூனுஸ் நோபல் பரிசு பெற்று அப்போது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. நல்ல நோக்கத்தோடு தொடங்கிய ஒன்று இலாபக் கணக்கின் கையில் சிக்கினால் எவ்வளவு விரைவில் உருமாறுகிறது!

நம் மாநிலத்திலும் 2025 ஏப்ரலில், கடன் வசூலில் வன்முறையையும் மிரட்டலையும் தடுக்கும் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. மிரட்டி வசூலித்தால் மூன்றாண்டு வரை சிறை, ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது அது. இதற்கு முன்பே, 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகள் நுண்கடனுக்கு எல்லை வகுத்தன. ஒரு குடும்பத்தின் மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு அழைக்கக் கூடாது. உறவினரையோ உடன்வேலை செய்வோரையோ தொல்லை செய்யக் கூடாது. கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கேட்கக் கூடாது. நம் அன்பியங்களில் எத்தனை பேருக்கு இவை தெரியும்? நற்செய்திப் பகிர்வுக்குப்பின் ஐந்து நிமிடம் இதை வாசித்துச் சொன்னால் அதுவும் நற்செய்திதான்.

ஆயினும் சட்டம் வாசலில் நிற்பவரின் குரலைத் தாழ்த்தும், கடனை அடைக்காது. கடன் எங்கிருந்து வருகிறது என்பதையும் நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும். மருத்துவச் செலவு, கல்லூரிக் கட்டணம், பாதியில் நிற்கும் வீடு ஆகியவை தவிர்க்க முடியாதவை. குடிக்குப் போகும் பணத்தைப் பற்றி எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. வீட்டுப் பெண்கள் நம்மைவிட நன்றாகவே அறிவார்கள். ஆனால் நாமே உண்டாக்கும் செலவு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி ஆலய வளாகத்தில் யாரும் வாய் திறப்பதில்லை.

புதுநன்மை விழாவை எடுத்துக்கொள்வோம். பல பங்குகளில் அது மே மாதத்தில் வருகிறது. சரியாக அடுத்த மாதம் பள்ளி திறக்கிறது. வெள்ளை கவுன், கிரீடம், கையுறை, மெழுகுதிரி, கேக், சாலையோரம் பிளெக்ஸ், வீடியோ, மதியம் பிரியாணி. கூடவே மாமன்முறைக்கு மோதிரம் போட வேண்டும். 2025 செப்டம்பரில் ஒரு பவுன் 80 ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. ஆண்டவரை முதன்முறையாக உட்கொள்ளும் குழந்தையின் வீட்டில், அந்த வாரமே ஒரு தண்டலும் தொடங்குகிறது. காதணி விழா, மஞ்சள் நீராட்டு விழா, நிச்சயதார்த்தம் எல்லாம் இதே வழியில்தான். மொய் வரும், கடனை அடைத்துவிடலாம் என்பார்கள். மொய்யும் திரும்பச் செய்ய வேண்டிய கடன்தானே!

பங்குத் திருவிழா வரியும் இந்தக் கணக்கில் சேரும். ஆசிரியர் வீட்டுக்கும் நூறு நாள் வேலைக்குப் போகும் கைம்பெண் வீட்டுக்கும் ஒரே தொகை என்று பல இடங்களில் விதிக்கிறோம். கொடுக்காவிட்டால் பெயர் அறிவிப்புப் பலகையில் வரும் என்ற அச்சத்தில் அவர் கடன் வாங்கிக் கொடுக்கிறார். தேர் அழகாகத்தான் இருக்கிறது. கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவார் என்று ஆண்டவர் சொன்னது (லூக்கா 14) தனிமனிதருக்கு மட்டும்தானா, பங்குப் பேரவைக்கும் சேர்த்தா?

நம் திருஅவையின் வரலாற்றில் இதற்கு மாற்று வழிகள் தேடியவர்கள் பலர் உண்டு. இத்தாலியின் பெரூஜியா நகரில் 1462இல், பிரான்சிஸ்கன் துறவியரின் தூண்டுதலால், ஏழைகளுக்குக் குறைந்த செலவில் அடகின்பேரில் கடன் தரும் அறநிதி தொடங்கியது. நம் நாட்டிலேயே, சோட்டா நாக்பூரில், பழங்குடி மக்கள் வட்டிக்காரர்களிடம் நிலத்தை இழப்பதைக் கண்ட இயேசு சபை அருள்பணியாளர் ஜான் பாப்டிஸ்ட் ஹாப்மன் 1909இல் கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தைத் தொடங்கினார். ஜெர்மானியர் என்பதால் முதல் உலகப் போரின்போது 1915இல் அவர் இந்தியாவைவிட்டு வெளியேற்றப்பட்டார். சங்கம் நிலைத்து நின்றது. மக்களிடம் அவர் வெறுமனே "சிக்கனமாயிருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. சேமிப்பதற்கு அவர்களுடைய சொந்தப் பெட்டி ஒன்றைச் செய்துகொடுத்தார். திருத்தந்தை 13ஆம் லியோவும் 1891இல் வெளியிட்ட ரேரும் நொவாரும் சுற்றுமடலில், தொழிலாளர் சேமிப்பதைப் பற்றிப் பேசுமுன், குடும்பத்தைத் தாங்கும் அளவு கூலி அவருக்குக் கிடைக்க வேண்டும் என்றே வைத்தார். வரிசை முக்கியம்.

நம் பங்குகளில் என்ன செய்யலாம்? பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். வட்டி தருவதாகச் சொல்லி அன்பியத்தில் பணம் திரட்டுவதும் கூடாது. 2019ஆம் ஆண்டின் ஒழுங்குமுறையற்ற வைப்புத் தடைச் சட்டம் அதற்கு இடம் தராது. இதைச் சொல்லக் காரணம் உண்டு. 2022இல் வெளிவந்த ஆருத்ரா நிறுவன வழக்கில், மாதம் 25 முதல் 30 விழுக்காடு வரை வட்டி தருவதாகச் சொல்லி ஏறத்தாழ ஒரு இலட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாகக் காவல்துறை கூறியது. தீபாவளிச் சீட்டில் மளிகையும் தங்கக் காசும் தருவதாகச் சொல்லிப் பணத்தோடு ஓடியவர்களைப் பற்றியும் நம் வடமாவட்டங்களில் கேள்விப்படாதவர் இல்லை. தெரிந்தவர், நம் சாதிக்காரர், நம் கோயிலுக்கு வருகிறவர் என்ற நம்பிக்கையில்தான் பெரும்பாலோர் கொடுத்தார்கள்.

வங்கிக் கணக்கோடு முறையாக நடக்கும் சுய உதவிக் குழுக்கள் நம்மிடம் உள்ளன. நம் மாநிலத்தில் இவை 1989இல் தருமபுரியில் தொடங்கின. முதலில் சேமிப்பு, பிறகே உள்கடன் என்பதுதான் அவற்றின் முறை. அந்த முறை எங்கே தளர்ந்ததோ அங்கே அதைச் சீர்செய்யலாம். பெண் குழந்தை திருமுழுக்குப் பெறும்போது வெள்ளிக் கொலுசுக்குப் பதிலாகச் செல்வமகள் சேமிப்புக் கணக்கைத் தொடங்கிக் கொடுக்கலாம். 250 ரூபாய் போதும். புதுநன்மைக்கு எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே எளிய வெள்ளை உடை, ஆலய வளாகத்தில் எல்லோருக்கும் ஒரே சிற்றுண்டி என்று பங்குப் பேரவை முடிவெடுக்கலாம். வசதியுள்ள வீட்டார் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் ஒப்புக்கொள்ளாமல் ஏழை வீட்டார் நிறுத்த முடியாது.

பிடியரிசிப் பானையை மீண்டும் ஆலயத்துக்குக் கொண்டுவரலாம். அதில் சேர்வது திருவிழாவுக்கு அல்ல, தவணை கட்ட முடியாத வாரத்தில் ஒரு குடும்பத்தின் அடுப்புக்கு. வின்சென்ட் தே பால் சபையினர் அதை அமைதியாகப் பார்த்துக்கொள்வார்கள். யாருக்குப் போனது என்று வெளியே தெரிய வேண்டியதில்லை.

இரண்டாம் அரசர்கள் நூலின் 4ஆம் அதிகாரத்தில் வரும் கைம்பெண்ணை நாம் அறிவோம். கடன்காரர் அவருடைய இரு மகன்களையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்துவிட்டார். இறைவாக்கினர் எலிசா அவரைக் கடிந்துகொள்ளவில்லை, ஏன் கடன் வாங்கினாய் என்றும் கேட்கவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒரு கலயத்தில் எண்ணெய் இருந்தது. அடுத்த வீடுகளிலிருந்து வெறும் பாத்திரங்களை வாங்கிவரச் சொன்னார். கடன் தீரும் வரை எண்ணெய் வந்தது, பிழைப்புக்கும் மிஞ்சியது. பாத்திரம் கொடுத்தவர்கள் எல்லாரும் அக்கம்பக்கத்தார்.

நம் தெருவில் தவணை நாள் செவ்வாய்க்கிழமை என்றால், அன்பியக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை மாலைக்குப் பதிலாகத் திங்கள் மாலை வைத்துப் பார்க்கலாம். கை சுருங்கிய வாரத்தில், மறுநாள் திண்ணையில் போய் உட்காருமுன் அந்தச் சகோதரி தம் குறையைச் சொல்ல ஓர் இடம் இருக்கும்.